மே மாதத்தைத் தாண்டும் பச்சை

ஜூன் 5 உலகச் சுற்றுச்சூழல் நாள். அன்றைக்கோ, பள்ளி திறந்த முதல் வாரத்திலோ தமிழ்நாட்டின் பல பள்ளிகளில் மரக்கன்று நடுகிறார்கள். மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் இருக்கும் பள்ளிக்கு அது நல்ல நாள். தென்மேற்குப் பருவமழை வந்து வேரை நனைத்துவிடும். புதுக்கோட்டை மாவட்டக் கடலோர ஊரான கோட்டைப்பட்டினத்துக்கு அந்த நாள் பொருந்தாது. இங்கே ஜூனில் வெயில் குறைந்திருக்காது, கச்சான் காற்று மணலை வாரி இறைக்கும், கிணற்று நீரில் உப்பு கூடியிருக்கும். அன்று நட்ட கன்று ஆடிக்குள் கருகிவிடும். இந்தக் கடற்கரைக்கு மழை ஐப்பசியில், வடகிழக்கிலிருந்து வருகிறது. கன்று நடும் நாளை நாட்காட்டியிலிருந்து எடுக்காமல் வானத்திலிருந்து எடுப்பதுதான் பள்ளியைப் பசுமையாக்கும் வேலையின் முதல் பாடம்.

இந்த அத்தியாயம் கோட்டைப்பட்டினத்தையும் அதன் அக்கம்பக்கத்துக் கடலோர ஊர்களையும் மனத்தில் வைத்து எழுதப்பட்டது. தொடக்கப்பள்ளித் தலைமையாசிரியருக்கும் பள்ளி மேலாண்மைக் குழுவுக்கும் இது கையில் இருக்கட்டும். அறுபது பிள்ளைகள், இரண்டு மூன்று ஆசிரியர்கள், ஒரு சமையற்கூடம், ஒரு கைப்பம்பு அல்லது குழாய், கொஞ்சம் மணல்வெளி என்ற அளவிலான பள்ளியைக் கணக்குக்கு எடுத்துக்கொண்டிருக்கிறேன். உங்கள் எண்ணிக்கை வேறாக இருந்தால் கணக்கை மாற்றிப் போட்டுக்கொள்ளுங்கள்.

நான் வலியுறுத்த விரும்புவது ஒன்றுதான். பசுமைப் பள்ளியின் தேர்வு நடக்கும் மாதம் மே. பிள்ளைகளும் ஆசிரியர்களும் இல்லாமல் வாசல் பூட்டியிருக்கும் அந்த ஐந்தாறு வாரத்தில் தண்ணீர் ஊற்றுவது யார் என்று எழுதி வைக்காத பள்ளியில் மற்ற ஏற்பாடுகள் எதுவும் நிற்காது.

முதலில் கணக்கெடுப்பு

டெல்லியிலுள்ள அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 2006 முதல் பசுமைப் பள்ளித் திட்டம் ஒன்றை நடத்தி வருகிறது. காற்று, ஆற்றல், உணவு, நிலம், நீர், கழிவு என்று ஆறு தலைப்பில் பிள்ளைகளே தங்கள் பள்ளியை அளந்து பார்ப்பது அதன் முறை. ஐரோப்பாவில் 1994இல் தொடங்கிப் பல நாடுகளுக்குப் பரவிய சூழல் பள்ளி இயக்கமும் பிள்ளைகள் உட்கார்ந்திருக்கும் குழுவிலிருந்துதான் வேலையைத் தொடங்கச் சொல்கிறது. இரண்டிலும் நமக்கு வேண்டிய சாரம் ஒன்றே: பெரியவர்கள் முடிவெடுப்பதற்கு முன் பிள்ளைகள் எண்ணிப் பார்க்கட்டும்.

ஆறு தலைப்பையும் ஒரே மாதத்தில் செய்ய முயல வேண்டாம். கோட்டைப்பட்டினத்தில் நீரும் கழிவும் முதலில். நான்காம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளை ஐந்தைந்து பேராகப் பிரித்துவிடுங்கள். ஒரு நாளில் எத்தனை குடம் தண்ணீர் செலவாகிறது, எந்தக் குழாய் ஒழுகுகிறது, குப்பைத் தொட்டியில் பிஸ்கட் உறை எத்தனை, குழம்போடு கீழே போகும் சோறு எத்தனை கரண்டி என்று ஒரு வாரம் எண்ணட்டும். 2024-25இல் பள்ளிகளுக்கு வந்த மகிழ் முற்றம் ஏற்பாட்டில் குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்று ஐந்து குழுக்கள் ஏற்கெனவே இருக்கின்றன. தனியாக ஒரு மன்றம் அமைக்காமல் அவற்றையே பயன்படுத்துங்கள். நெய்தல் நிலத்தில் வாழும் பிள்ளைகளுக்கு அந்தப் பெயரின் பொருள் இந்த வேலையில் விளங்கும்.

எண்ணியதைப் பிள்ளைகளே ஒரு பெரிய தாளில் எழுதி வாசலில் ஒட்ட வேண்டும். ஆசிரியர் திருத்தி அழகாக எழுதிய தாள் வேண்டாம். எழுத்துப் பிழையோடு இருந்தாலும் அவர்கள் கையெழுத்தைத்தான் பெற்றோர் நின்று படிப்பார்கள்.

குறிக்கோளை எழுதும் விதம்

கல்வி உரிமைச் சட்டம் 2009இன் 21ஆம் பிரிவு பள்ளி மேலாண்மைக் குழுவையும், 22ஆம் பிரிவு பள்ளி மேம்பாட்டுத் திட்டத்தையும் கட்டாயமாக்குகின்றன. குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப்பேர் பெண்கள். திட்டம் மூன்றாண்டுக்கு எழுதப்பட்டு, ஆண்டுவாரியாகப் பிரிக்கப்பட வேண்டும். பல பள்ளிகளில் இந்தத் திட்டம் மேலிடம் கேட்கும்போது நிரப்பி அனுப்பும் படிவமாகச் சுருங்கிவிட்டது. அதை உங்கள் பள்ளியின் சொந்த ஏடாக மீட்டெடுங்கள் என்று உரிமையோடு கேட்கிறேன். கட்டடம் கேட்பதற்கும், கழிப்பறை கேட்பதற்கும், தண்ணீர் கேட்பதற்கும் சட்டம் உங்கள் கையில் கொடுத்திருக்கும் தாள் அது.

"பசுமையான பள்ளியை உருவாக்குதல்" என்று எழுதினால் அதை யாரும் சரிபார்க்க முடியாது. "அடுத்த ஜூனில் பள்ளி திறக்கும் அன்று, நட்ட பன்னிரண்டு கன்றில் குறைந்தது பத்து உயிரோடு இருக்கும், பொறுப்பு: கீழே பெயர் எழுதிய ஆறு குடும்பங்கள்" என்று எழுதினால் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகூடச் சரிபார்த்துவிடும். படிப்புக் குறிக்கோளும் அப்படித்தான். எண்ணும் எழுத்தும் திட்டம் 2022 ஜூனில் தொடங்கியதிலிருந்து அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளின் கற்றல் நிலை ஆசிரியருக்குத் தெரியும். "வாசிப்பை மேம்படுத்துதல்" என்று எழுதாதீர்கள். "மூன்றாம் வகுப்பில் அரும்பு நிலையில் இருக்கும் ஏழு பேரும் பொங்கலுக்குள் மொட்டு நிலைக்கு வருவார்கள்" என்று எழுதுங்கள்.

ஒரு ஆண்டுக்கு மூன்று குறிக்கோள் போதும். ஒன்று வாசிப்பும் கணக்கும், ஒன்று கழிப்பறையும் கைகழுவுதலும், ஒன்று பசுமை. மூன்றாவதை முதலாவதோடு பிணைத்துவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. தோட்ட வேலை பாடவேளையைத் தின்கிறது என்ற குறை எந்தப் பள்ளியிலும் வரும். தோட்டம் பாடமாகாத இடத்தில் அந்தக் குறை நியாயமானதும்கூட. ஆகவே ஒவ்வொரு கன்றுக்கும் ஒரு நோட்டு வையுங்கள். வாரம் ஒரு முறை அந்தக் கன்றுக்குரிய பிள்ளைகள் உயரத்தை அளந்து எழுதி, இரண்டு வாக்கியம் சேர்க்கட்டும். ஒன்றாம் வகுப்புப் பிள்ளை இலையை வரைந்து பெயர் எழுதினால் போதும். அந்த நோட்டை அடுத்த ஆண்டுப் பிள்ளைகள் வாசிப்பார்கள். வாசிப்புப் பயிற்சிக்கு அதைவிட விருப்பமான நூல் கிடைக்காது.

எழுத்தை அன்றாட வேலையோடு இணைப்பது புதுக்கோட்டை மாவட்டத்துக்குப் புதிதும் அன்று. 1991இல் ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில் இங்கே நடந்த அறிவொளி எழுத்தறிவு இயக்கம் எழுத்தைப் பெண்களின் அன்றாடத்தோடு, சைக்கிள் ஓட்டக் கற்பதோடு சேர்த்தே கொண்டுபோனது. வாழ்க்கையைத் தொட்ட எழுத்து நின்றது. அன்று கற்ற பெண்களின் பேரப்பிள்ளைகள் இன்று தொடக்கப்பள்ளி வயதில் இருக்கிறார்கள்.

இதே மாவட்டத்தில் அறந்தாங்கி அருகே பச்சலூர் அரசு நடுநிலைப்பள்ளி குளிரூட்டிய வகுப்பறைகளால் பெயர் பெற்றது. பார்த்துவரப் போகிறவர்கள் கருவிகளோடு நின்றுவிடாமல், ஊர்மக்களை எப்படிக் கூட்டினார்கள், பொறுப்பை யாரிடம் பிரித்துக் கொடுத்தார்கள் என்று கேட்டு வாருங்கள். கொண்டுவரத் தக்கது அதுதான்.

தண்ணீர்

கடலோர மணலுக்கு அடியில் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரின் மேல் மிதந்து நிற்கிறது. மழைநீர் லேசானது, கடல்நீர் கனமானது என்பதே காரணம். மழை இறங்க இறங்க நல்ல நீர் பருமனாகும். ஆழ்துளை போட்டு இழுக்க இழுக்க அது மெலிந்து, அடியிலிருந்து உப்பு மேலே ஏறும். கோட்டைப்பட்டினம் பள்ளியொன்றில் தண்ணீர் உப்பாகிவிட்டது என்றால் இன்னும் ஆழமாகத் துளை போடுவது நிலைமையை மோசமாக்கும். கூரைத் தண்ணீரை மண்ணுக்குள் இறக்குவதே மருந்து.

கூரைக் கணக்கு ஐந்தாம் வகுப்புக்கு அருமையான பாடம். ஒரு சதுர மீட்டர் கூரையில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். இருபது மீட்டர் நீளம், ஆறு மீட்டர் அகலம் என்றால் 120 சதுர மீட்டர். ஐப்பசியில் ஒரே நாளில் 50 மில்லிமீட்டர் பெய்தால் 6,000 லிட்டர். ஐந்தில் ஒரு பங்கு சிந்தியது, ஆவியானது என்று கழித்தாலும் 4,800. இப்போது மறுபக்கம் பாருங்கள். பன்னிரண்டு கன்றுக்குத் தலா பத்து லிட்டர், ஒரு நாள் விட்டு ஒரு நாள், நாற்பது நாள் விடுமுறைக்கு இருபது தடவை: 2,400 லிட்டர். ஒரு நல்ல மழைநாளின் கூரைத் தண்ணீர் விடுமுறைத் தேவையைப் போல் இரண்டு மடங்கு வரும். அதைச் சேர்த்து வைக்க 5,000 லிட்டர் தொட்டி ஒன்று வேண்டும், அவ்வளவுதான்.

தொட்டிக்கு மூடி இறுக்கமாக இருக்க வேண்டும். திறந்த தொட்டி டெங்குக் கொசுவை வளர்க்கும். முதல் மழையின் தண்ணீரைத் தொட்டிக்குள் விடாதீர்கள். கூரையிலுள்ள பறவை எச்சமும் தூசியும் அதில்தான் வரும். தொட்டிக்குள் நீர் நுழையும் வாயில் கட்டிய வடிகட்டும் துணியை மாதம் ஒரு முறை அவிழ்த்துக் கழுவ வேண்டும். தொட்டி நிரம்பி வழியும் நீரை நான்கு அடி ஆழக் குழியில் கருங்கல் ஜல்லியும் மணலும் போட்டு இறக்கிவிடுங்கள். 2003 முதல் தமிழ்நாட்டில் கட்டடங்களுக்கு மழைநீர் சேகரிப்புக் கட்டாயமாக இருப்பதால் உங்கள் பள்ளியிலும் குழாய் ஒன்று சுவரில் தொங்கிக்கொண்டிருக்கக்கூடும். அது எங்கே போய் முடிகிறது என்று பிள்ளைகளை விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

உப்பின் அளவைப் பார்க்கும் சிறு கருவி சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. குடிநீரில் கரைந்த உப்புகள் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது, வேறு நீரே இல்லாத இடத்தில் 2,000 வரை என்பது இந்தியத் தர நிர்ணய அளவு. மாதம் ஒரு நாள் பிள்ளைகள் அளந்து கோடு போட்டு வரட்டும். கார்த்திகையில் கோடு இறங்கும், சித்திரையில் ஏறும். அந்தத் தாளோடு ஊராட்சி மன்றத்துக்குப் போனால் உங்கள் பேச்சுக்கு எடை கூடும்.

கைகழுவும் நீரை வீணாக்க வேண்டாம். ஆளுக்கு ஒரு லிட்டர் என்றாலே நாளொன்றுக்கு அறுபது லிட்டர், ஆறு கன்றுக்கு ஒரு வேளை நீர். வழக்கமாக அந்த நீருக்கு வாழை வைக்கச் சொல்வார்கள். உப்புத் தண்ணீர் உள்ள பள்ளியில் வாழை இலை ஓரம் கருகும், தென்னை வையுங்கள்.

எந்த மரம், எப்படி

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறியது. புதுக்கோட்டை மாவட்டம் அதில் இழந்த மரங்களை நினைத்தால் இன்றும் நெஞ்சு கனக்கிறது. தென்னந்தோப்புகள் வேரோடு சாய்ந்தன. மரம் வளர்ப்பதையே வாழ்நாள் வேலையாகக் கொண்ட சேந்தன்குடி மரம் தங்கசாமி அந்த ஆண்டு செப்டம்பரில்தான் மறைந்திருந்தார். அவரைப் போன்றவர்கள் இந்த மாவட்டத்துக்கு விட்டுச்சென்ற ஆசை பெரியது. ஆனால் உள்நாட்டுச் செம்மண்ணில் செழிக்கும் எல்லா மரமும் கடலோர மணலில் நிற்காது.

கோட்டைப்பட்டினத்துக்கு முதல் மரம் புன்னை. உப்புக்காற்றுக்கு அஞ்சாது, நிழல் அடர்த்தி, காற்றில் எளிதில் முறியாது. புன்னை எண்ணெயை ஒரு காலத்தில் மரப்படகுகளுக்குப் பூசினார்கள். ஊர்ப் பெரியவர்களிடம் பிள்ளைகள் கேட்டு எழுதிவர நல்ல செய்தி. அடுத்தது பூவரசு, விரைவில் நிழல் தரும், அதன் இலையில் பீப்பி செய்து ஊதாத பிள்ளை இருக்க முடியாது. வேம்பும் புங்கனும் கட்டடத்தின் மறைவில் நன்றாக வரும். வேலியோரம் பனைவிதை ஊன்றுங்கள். அது தண்ணீரும் கேட்காது, காவலும் கேட்காது, வளர்வதுதான் மெதுவாக. சமையற்கூடத்துக்குப் பின்னால் முருங்கை. மணல் பறக்கும் கடல்பக்கத்தில் அடம்பன்கொடியைப் படரவிடுங்கள். அது மணலைக் கட்டிப்பிடிக்கும். கிளை எளிதில் முறியும் அலங்கார மரங்களை வகுப்பறைக்கு அருகே வைக்கவே கூடாது. பிள்ளைகள் விளையாடும் இடம் அது.

குழி இரண்டடிக்கு இரண்டடி, ஆழமும் இரண்டடி. அடியில் தேங்காய் மட்டைகளைக் குழிந்த பக்கம் மேலே பார்க்க அடுக்குங்கள். மணலில் நீர் ஓடிவிடாமல் அது பிடித்து வைக்கும். மேலே கண்மாய் வண்டலும் மக்கிய சாணமும் மணலும் கலந்து நிரப்புங்கள். முதல் இரண்டு மழை பெய்து மண் உள்வரை நனைந்த பிறகு, ஐப்பசி நடுவில் நடுங்கள். வாடைக் காற்றுக்கு முட்டுக்கம்பு இரண்டு பக்கமும் வேண்டும். கன்றுக்குப் பக்கத்தில் ஐந்து லிட்டர் மண்பானை ஒன்றைக் கழுத்து வரை புதைத்து மூடிவிட்டால் கோடையில் தண்ணீர் கசிந்து வேருக்குப் போகும். நேராக ஊற்றும் தண்ணீரை மணல் உறிஞ்சிவிடுவது போல் இது வீணாகாது.

ஆடுதான் கன்றின் முதல் எதிரி. துறைமுகத்தில் கழித்துப்போட்ட வலை நிறையக் கிடைக்கும். தடித்த நூல் வலையாகப் பார்த்து எடுத்து நான்கு கம்பில் இறுக்கிக் கட்டுங்கள். சன்னக் கண் நரம்புவலை வேண்டாம். ஓணானும் பாம்பும் குருவியும் சிக்கிச் சாகும். கன்று ஆளுயரம் வந்ததும் வலையை அவிழ்த்துவிட வேண்டும்.

விடுமுறையில் யார்?

கிழக்குக் கடற்கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் விசைப்படகுகள் கரையில் நிற்கும். பள்ளி விடுமுறை பெரும்பாலும் அந்த 61 நாளுக்குள்தான் வருகிறது. அதாவது பள்ளியில் ஆளில்லாத நாளில் அத்தாமார்களும் அப்பாமார்களும் ஊரில் இருக்கிறார்கள். மற்ற ஊர்ப் பள்ளிகளுக்குக் கிடைக்காத வசதி இது. இதைப் பயன்படுத்தாமல் விடுவது பெரிய இழப்பு.

ஆனால் அது வருமானம் நின்ற காலம். பணம் கேட்காதீர்கள், உண்டியல் நீட்டாதீர்கள். படகுக்கு வண்ணம் பூசி, வலை பொத்தி முடித்த மாலையில் அரைமணி நேர உழைப்பை மட்டும் கேளுங்கள். "உங்க புள்ள நோட்டுல எழுதுற கன்னு அத்தா இது. லீவு முடியிற வரைக்கும் நீங்க பாத்துக்கணும்" என்று பிள்ளையின் நோட்டைக் காட்டிக் கேட்டால் மறுப்பவர் குறைவு. ஒரு குடும்பத்துக்கு இரண்டு கன்று, பன்னிரண்டுக்கு ஆறு குடும்பம். அவர்கள் வெளியூர் போனால் பார்க்க இன்னும் ஆறு குடும்பம். பெயர்ப்பட்டியலைத் தொட்டியின் மேலேயே எழுதி ஒட்டுங்கள். வெளிவாசல் சாவி ஒன்று குழுத் தலைவியிடம் இருக்கட்டும்.

இந்தப் பட்டியலை முடிவு செய்யும் கூட்டத்தை எப்போது வைப்பது என்பதும் முக்கியம். பாக் நீரிணையில் விசைப்படகுகள் திங்கள், புதன், சனி என்று முறைவைத்துக் கடலுக்குப் போகின்றன. வெள்ளிக்கிழமை ஆட்கள் கரையில் இருப்பார்கள். ஜும்மா தொழுகையும் சாப்பாடும் முடிந்து பிற்பகல் மூன்று மணிக்கு வைத்தால் தந்தைமாரும் வருவார்கள். நோன்பு மாதத்தில் கூட்டத்தைச் சுருக்கமாக முடித்து, நோன்பு திறக்கும் நேரத்துக்கு வெகு முன்பே அனுப்பிவிடுங்கள்.

மே 1 கிராம சபை நாள். தொட்டி நீர் குறைந்துவிட்டால் ஊராட்சி வண்டித் தண்ணீர் அனுப்ப வேண்டும் என்று அன்றே தீர்மானம் போட வையுங்கள். வாய்மொழியாகக் கேட்டது மே நடுவில் மறந்துபோகும்.

குப்பையும் சமையற்கூடமும்

வாரத்தில் ஐந்து நாள் முட்டை என்றால் அறுபது பிள்ளைக்கு 300 ஓடு. காய வைத்து நொறுக்கி முருங்கைக்கும் தக்காளிக்கும் போடுங்கள். காய்கறித் தோலும் உதிர்ந்த இலையும் ஒரு குழியில், மீந்த சோறு தனியாக. சோற்றைக் குழியில் கொட்டினால் எலியும் நாயும் வரும்.

ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் பிளாஸ்டிக்கை 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாடு தடை செய்திருக்கிறது. பள்ளி விழாவில் பிளாஸ்டிக் குவளை வருவதைத் தலைமையாசிரியர் ஒருவரே நிறுத்திவிட முடியும். ஐம்பது எவர்சில்வர் டம்ளர் வாங்கி வைத்தால் முடிந்தது. இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது கடலைக் காட்டிச் சொல்லுங்கள். 2022 செப்டம்பரில் தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடலில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பு கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவிக்கப்பட்டது. நாட்டில் அதுவே முதல். ஆவுளியா என்று நாம் சொல்லும் அந்தக் கடற்பசு மேயும் கடற்புல் நம் பிள்ளைகளின் வீட்டு வாசலுக்கு எதிரே இருக்கிறது. ஆவுளியாவைக் கண்ட பெரியவர்கள் ஊரில் இருக்கிறார்கள்; ஒருவரைப் பள்ளிக்கு அழைத்து உட்கார வைத்துப் பேசச் சொல்லுங்கள்.

பணம்

முப்பதுக்கு மேல் நூறு பிள்ளைகள் வரை உள்ள அரசுப் பள்ளிக்கு ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் ஆண்டு மானியம் 25,000 ரூபாய் வரை. அதில் பத்தில் ஒரு பங்காவது தூய்மைக்கு. கன்றுகளுக்கு வனத்துறை நாற்றங்காலில் விண்ணப்பியுங்கள். 2022 செப்டம்பரில் தொடங்கிய பசுமைத் தமிழ்நாடு இயக்கம் மாநிலத்தின் பசுமைப் பரப்பை 33 விழுக்காட்டுக்கு உயர்த்த நினைக்கிறது. உங்கள் பன்னிரண்டு கன்றும் அதில் சேர்த்தி. தொட்டிதான் பெரிய செலவு. அதை 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' திட்டத்தின் வழியாக வெளிநாட்டில் வேலை செய்யும் முன்னாள் மாணவர்களிடம் கேளுங்கள். பொதுவாக "உதவி வேண்டும்" என்று எழுதாமல், தொட்டியின் அளவு, விலை, வைக்கப்போகும் இடம், பராமரிப்பவர் பெயர் ஆகியவற்றை எழுதிப் பிள்ளைகள் போட்ட கூரைக் கணக்கையும் இணைத்து அனுப்புங்கள்.

இதை ஜூனில் படிக்கிறவர்கள் கன்று வாங்க ஓட வேண்டாம். இப்போது கணக்கெடுப்பை நடத்துங்கள், ஆடி, ஆவணியில் குழி வெட்டி வண்டல் நிரப்புங்கள், புரட்டாசிக்குள் கூரைக் குழாயைச் சரிசெய்யுங்கள், ஐப்பசியில் நடுங்கள், மார்ச் மாதக் குழுக் கூட்டத்தில் விடுமுறைப் பட்டியலில் கையெழுத்து வாங்குங்கள். அந்தப் பட்டியலுக்கான முதல் இரண்டு பெயரை இந்த வாரமே வீட்டுக்குப் போய்க் கேட்டு எழுதிவிடுங்கள்.